அவசரம் எந்தப் பக்கம் நிற்கிறான்?

"அங்க நிக்காதடா. சொல்றேன்ல? அந்தப் பக்கம் போய் நின்னு எடு."

மைக் அக்கா கம்ப்யூட்டர் திரையிடம் பேசிக்கொண்டிருக்கிறார். பகல் இரண்டேகால் மணி. பேருந்து நிலையத்தின் அடையாள அட்டை இன்னும் கழுத்தில் தொங்குகிறது. கைப்பை தோளில் இருந்தபடியே இருக்கிறது. வலது கை மௌஸில், இடது கையில் வெந்நீர் டம்ளர். திரையில், விரல் நகத்தில் பாதி உயரம்கூட இல்லாத ஓர் ஆள் தரையிலிருந்து ஒரு கல்லைப் பெயர்க்கிறான். அவன் நின்றுகொண்டிருப்பதும் அதே கல்லின் மேல்தான். கல் பெயர்ந்தது. ஆளைக் காணோம்.

"போச்சு. இந்த வாரத்துல நாலாவது ஆளு," என்கிறார் அக்கா. வெந்நீரை ஒரு மிடறு குடித்துவிட்டு, அப்புறம்தான் கைப்பையை இறக்கி வைக்கிறார்.

அக்கா எங்கள் எதிர் வீடு. பத்தொன்பது வருடமாகப் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்தப் பேருந்து எந்த மேடைக்கு வருகிறது, எது தாமதம், எந்தக் குழந்தை யாரைத் தேடி அழுகிறது என்று ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து காலை ஆறிலிருந்து பகல் இரண்டு வரை சொல்கிறார். "தெளிவா சொல்றேன், ரெண்டு தடவை சொல்றேன். மூணாவது நிமிஷம் ஒருத்தர் கண்ணாடியைத் தட்டி, 'ஏங்க, பஸ்ஸு எங்க வரும்?'ங்கறார்." வீட்டிலும் அந்தக் குரல் இறங்குவதில்லை. "கவனிக்கவும். குளியலறை தற்போது காலியாக உள்ளது" என்று அவர் கணவருக்குச் சொல்வது இரண்டு மாடி கீழே கேட்கும். கீழ் வீட்டுக்காரர் ஒருமுறை தன் வீட்டுக் குளியலறை என்று நினைத்துத் துண்டோடு எழுந்து போயிருக்கிறார்.

விளையாட்டு அவரிடம் வந்து சேர்ந்தது தொண்டையால். ஏழு வருடத்துக்கு முன் குரல்நாணில் ஒரு முடிச்சு. அறுவை சிகிச்சை முடிந்து ஆறு வாரம் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "பேசாம எப்பிடி ஒரு மனுஷன வேலை வாங்கறது? எனக்குப் பைத்தியமே புடிச்சிருக்கும்." கணவர் செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் வேலை பார்க்கிறார். அங்கே யாரோ கொடுத்ததை அவர்தான் கொண்டுவந்து கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்தார். ஆறு வாரத்தில் குரல் திரும்பிவிட்டது. விளையாட்டு போகவில்லை.

அது ஒரு கோட்டை விளையாட்டு. மலையைக் குடைந்து உள்ளே அறைகளும் வழிகளும் கட்ட வேண்டும். அக்காவின் கோட்டையில் அறுபத்திரண்டு பேர் குடியிருக்கிறார்கள். ஒருவரையும் நேராகக் கைபிடித்து நகர்த்த முடியாது. 'இங்கே சுவர் எழுப்பு', 'அங்கே தரையை எடு' என்று திரையில் குறி போட்டு வைக்கலாம், அவ்வளவுதான். யாருடைய கை சும்மா இருக்கிறதோ அவர் வந்து செய்வார். எந்தப் பக்கம் நின்று செய்வார் என்பது அவர் இஷ்டம். சுவரை எழுப்பி முடித்த பிறகுதான் தான் உள்ளே இருப்பது தெரியும். மேல்தளத்தை எடுத்த பிறகுதான் கீழே தரை இல்லாதது தெரியும். "சொன்னா கேக்கவே மாட்டாங்க. ரெண்டு எடத்துலயும் அதே கதைதான்," என்பார் அக்கா.

விளையாட்டு வைக்கும் பெயர்கள் வாயில் நுழையாதவை. அதனால் அக்காவே எல்லோருக்கும் வேறு பெயர் வைத்திருக்கிறார். மூக்கு. பெரிய மூக்கு. எந்த வேலையையும் தள்ளிப்போடுகிறவள் 'நாளைக்கி'. நடுவழியில் காரணமில்லாமல் நிற்கிறவன் 'கேட்டா சொல்றேன்'. இவர்களில் கோட்டையின் கொத்தனார் 'அவசரம்'. குறி போட்டு விரலை எடுப்பதற்குள் கல்லோடு வந்து நிற்பான். நல்ல வேலைக்காரன். ஆனால் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று ஒரு நாளும் பார்த்தவன் இல்லை.

கட்டுவதைவிட எடுப்பதில்தான் அக்காவுக்கு விருப்பம் அதிகம். கோட்டையின் சாப்பாட்டுக் கூடத்தை மட்டும் ஐந்து முறை கட்டியிருக்கிறார். முதல் கூடம் சின்னது. இரண்டாவதில் வாசல் சரியில்லை. மூன்றாவதில் மேஜைகள் நெருக்கம். நாலாவதை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல. பாத்துக்கிட்டே இருந்தேன். புடிக்கல." ஐந்தாவது கூடத்துக்கு எட்டு மாதம் ஆனது. இருபத்துநாலு தூண்கள், ஒவ்வொன்றிலும் வேறு வேறு செதுக்கு வேலை. ஒன்றில் மீன், ஒன்றில் ஏணி, ஒன்றில் யாரோ ஒருவர் பாலாடைக்கட்டியைப் பார்த்து அழுகிறார். செதுக்குகிறவனின் விருப்பம் அது, அக்கா ஒன்றும் சொல்வதற்கில்லை. "இத மட்டும் தொட மாட்டேன்," என்று என்னிடம் கைநீட்டிச் சொன்னார்.

இப்படிப்பட்டவர் சொந்த வீட்டில் ஒரு ஸ்டூலை நகர்த்த விடமாட்டார். பதினாலு வருடமாக சோஃபா ஒரே இடத்தில். அதன் கால்கள் தரையில் நாலு குழி போட்டிருக்கின்றன. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே ஒரு சுவர், அதனால் கூடத்துக்கு வெளிச்சமே வருவதில்லை. அதை எடுத்துவிடலாம் என்று கணவர் பதினோரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அக்காவின் பதில் பதினோரு வருடமும் ஒன்றுதான். "செவுத்த எடுக்கறதுன்னா என்ன வெளையாட்டா?"

போன மாதம் கணவர் கேட்பதை நிறுத்திவிட்டு ஒரு கொத்தனாரையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஐம்பதைத் தாண்டிய மனிதர். புருவத்தில் எப்போதும் சிமெண்ட் இருக்கும். அக்கா அவரை நாற்காலியில் உட்கார வைத்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"எடுக்கறப்போ நீங்க எந்தப் பக்கம் நிப்பீங்க?"

கொத்தனார் கணவரைப் பார்த்தார். கணவர் சுவரைப் பார்த்தார்.

"விழாத பக்கம்மா," என்றார் கொத்தனார்.

"இத்தன வருஷத்துல இந்த பதில சொன்ன மொத ஆளு நீங்கதாண்ணே. எப்ப வர்றீங்க?"

அக்காவின் வாராந்திர விடுமுறை நாளில் வந்தார். கணவர் ஒன்பது மணிக்கு வேலைக்குக் கிளம்பும்போது, "சாயங்காலம் நான் வர்றப்போ இங்கேருந்து அடுப்பு தெரியணும்," என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார். ஒன்பதரைக்குச் சுத்தியல் சத்தம் ஆரம்பித்தது. நான் வீட்டில் உட்கார்ந்து பாடநூல்களுக்குப் பிழை திருத்துகிறவள். அன்றைக்கு 'ஒளிச்சேர்க்கை' என்ற சொல்லை ஆறு முறை படித்தும் மனதில் ஏறவில்லை. பதினொன்றுக்குச் சத்தம் நின்றது. பதினொன்றரை வரை ஒன்றுமே கேட்கவில்லை. சத்தத்தைப் பொறுத்துக்கொண்டிருந்தவளால் அந்த அமைதியைப் பொறுக்க முடியவில்லை. யாருக்காவது அடிபட்டிருக்குமோ என்று ஓடினேன்.

கதவு திறந்தே இருந்தது. சுவரின் இடது பாதி மார்பு உயரத்துக்கு இறங்கியிருந்தது. வலது பாதி முழுசாக நின்றது. வீடு முழுக்க வெள்ளைத் தூசி. நடுவே, கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து, மடியில் சுத்தியலை வைத்துக்கொண்டு கொத்தனார் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அக்கா, தலையில் கட்டிய துண்டோடு.

"என்னாச்சுக்கா?"

"அவசரம் மாட்டிக்கிட்டான்," என்றார்கள் இருவரும்.

நடந்தது இதுதான். சாப்பாட்டுக் கூடத்துக்கு நேர் கீழே ஒரு குகை. அதில் லாரி அளவுக்கு ஒரு தவளை தூங்குகிறது. கண்டுபிடித்த நாளிலிருந்து அது தூக்கத்தில்தான் இருக்கிறது. என்றாவது எழுந்துவிட்டால் ஊரையே விழுங்கிவிடும். அதனால் குகை வாசலைச் சுவர் வைத்து அடைக்க அக்கா குறி போட்டிருந்தார். கொத்தனாருக்குத் தண்ணீர் கொடுக்க எழுந்து போன ஒரு நிமிடத்தில் அவசரம் சுவரை முடித்துவிட்டான். தவளையின் பக்கம் நின்றுகொண்டு.

"மொதல்ல எனக்குக் கோவம்தான் வந்துச்சு," என்றார் கொத்தனார் என்னிடம். "யாரும்மா இந்த ஆளுன்னு கேட்டேன். கொத்தனார்னாங்க. கொத்தனாரா இப்பிடிப் பண்ணுவான்? அப்புறம் செவுத்தப் பாத்தேன். இங்க பாருங்க. தூக்குக்குண்டு வெச்ச மாதிரி நேரா நிக்குது. வேலைய ஒழுங்காத்தான் செஞ்சிருக்கான். வேலை தெரிஞ்ச ஆளு. விட முடியுமா?"

சுவரைத் திரும்ப எடுத்துவிடலாமே என்றேன். எடுக்கிற சத்தத்தில் தவளை எழுந்துவிட்டால், அறுபத்தோரு பேரிடம் போக அதற்கு நேர் வழி. அப்படியானால் காலையில் சேமித்த இடத்திலிருந்து மறுபடி ஆரம்பிக்கலாமே என்றேன். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அதெப்பிடிம்மா? நடந்தது நடக்கலன்னு அவன்கிட்ட நான் எப்பிடி சொல்லுவேன்?"

அதற்கு மேல் நான் யோசனை சொல்லவில்லை. ஒரு நாற்காலியைத் தூசி தட்டிப் போட்டுக்கொண்டேன்.

சாப்பாட்டுக் கூடத்தின் தரையில் ஒரு கல்லை எடுத்து, ஓட்டை வழியாக அவனை ஏற்றலாம் என்று அக்கா குறி போட்டார். மூக்கு ஓடி வந்தான். எடுக்கிற கல்லின் மேலேயே நின்றான். எடுத்தான். விழுந்தான். கால் உடைந்தது. அடுத்து 'கேட்டா சொல்றேன்' வந்து ஓட்டையின் ஓரத்தில் நின்றான். கொத்தனார், "ஆங், இவன் பரவாயில்ல," என்று சொல்லி வாய் மூடவில்லை, அவன் அந்த ஓரத்துக் கல்லையே எடுத்தான். இப்போது தவளையோடு மூன்று பேர். 'மூக்குக்கும் அவசரத்துக்கும் நல்ல நட்பு உண்டாகியிருக்கிறது' என்று திரையில் ஒரு செய்தி வந்தது.

"இப்ப இது ரொம்ப முக்கியம்," என்றார் அக்கா. விளையாட்டை அப்படியே நிறுத்தி வைத்தார். மூன்று பேர் தலைக்கு மேலும் தாகக் குறி நீலமாக ஒளிர்ந்தபடி உறைந்து நின்றது.

அப்போது தொலைபேசி அடித்தது. பேருந்து நிலையத்திலிருந்து சக அறிவிப்பாளர். இரண்டு மணி ஷிஃப்டுக்கு வரவேண்டியவர் வரமாட்டாராம், அக்காவால் முடியுமா என்று கேட்டார். அக்கா ஒலிபெருக்கியில் போட்டுவிட்டுத்தான் பேசுவார், அதனால் எல்லாம் கேட்டது.

"முடியாதும்மா. வீட்ல அவசரம்."

"ஐயோ, என்ன அவசரம்?"

"உள்ள மாட்டிக்கிட்டான்."

"யாருக்கா?"

"அதான் சொல்றேனே, அவசரம்!"

"டாக்டரக் கூப்பிட்டீங்களா?"

"கொத்தனார் இருக்கார்," என்று அக்கா வைத்துவிட்டார்.

கொத்தனார் உடைந்த செங்கல் ஒன்றைப் பொறுக்கி, நின்றுகொண்டிருந்த பாதிச் சுவரின் பூச்சில் படம் போட ஆரம்பித்தார். மேலே கூடம். கீழே குகை. நடுவே ஒரு படிக்கட்டு.

"படி போட்டா தவளையும் ஏறுமே?" என்றார் அக்கா.

"ஆளுங்க ஏறுனதும் படிய எடுத்துடணும்."

"யாரு எடுப்பா? எங்க நின்னு எடுப்பா?"

"மேல நின்னு."

"மேல நிக்க மாட்டாங்கண்ணே! நிக்கறதா இருந்தா நாம ஏன் இங்க ஒக்காந்திருக்கோம்?"

கொத்தனார் செங்கல் துண்டைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றார். பிறகு கூடத்தின் மேல் ஒரு பெருக்கல் குறி போட்டார். போட்டுவிட்டு அக்காவைப் பார்க்காமல், சுவரைப் பார்த்தே பேசினார். "கூடத்த விட்டுடணும்மா. தூணெல்லாம் ஒவ்வொண்ணா எடுத்துடுங்க. நடுவுல ஒரே ஒரு முட்டு கொடுத்து நிறுத்துங்க. மூணு பேரும் ஏறி வெளிய வந்ததும், தூர நின்னு அந்த முட்ட உருவணும். மொத்தமும் எறங்கி ஓட்டைய மூடிடும். தவளை பாட்டுக்குத் தூங்கட்டும்."

அக்கா எழுந்து சமையலறைக்குப் போனார். ஒரு டம்ளரை எடுத்துக் கழுவினார். கழுவியதையே மறுபடி கழுவினார். பாதிச் சுவருக்கு மேலே அவர் முதுகு தெரிந்தது. அந்த வீட்டின் கூடத்தில் உட்கார்ந்து சமையலறையில் ஒருவர் நிற்பதைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அவர் அங்கே எவ்வளவு நேரம் நிற்பார் என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. கொத்தனார் என் பக்கம் குனிந்து, "எட்டு மாசமாமே?" என்று கேட்டார். தலையாட்டினேன். "என் தங்கச்சி வீடே ஆறு மாசத்துல முடிஞ்சுது," என்றார் அவர், ரொம்ப வருத்தத்தோடு.

அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "எந்தத் தூண்ல ஆரம்பிக்கலாம்?"

முதலில் ஊரைக் காலி செய்ய வேண்டும். அதற்கு ஒரு மணி அடிக்கும் குறி இருக்கிறது, அதைப் போட்டால் போதும். அக்கா விளையாட்டை மறுபடி ஓடவிட்டு அதைப் போட்டார். போட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, பேருந்து நிலையக் குரலில் சொல்லவும் சொன்னார். "அன்பான கோட்டைவாசிகள் கவனத்திற்கு. சாப்பாட்டுக் கூடத்தில் உள்ள அனைவரும் உடனடியாக வடக்கு வழியாக வெளியேறும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்." இரண்டு தடவை. கீழ் வீட்டுக்காரர் படியேறி வந்து எட்டிப் பார்த்து, எந்தப் பக்கம் வடக்கு என்று கேட்டுவிட்டுப் போனார்.

திரையில் எல்லோரும் வெளியேறினார்கள். 'நாளைக்கி' மட்டும் மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"அவ முடிச்சுட்டுத்தான் வருவா. விடுங்க," என்றார் அக்கா. காத்திருந்தோம். சாப்பிட்டாள். தட்டைப் பார்த்தாள். இன்னொரு முறை எடுத்துப் போட்டுக்கொண்டாள். கொத்தனார் வாளியில் முன்னும் பின்னும் அசைந்தார். "கல்யாண வீடுன்னு நெனப்பு," என்றார். முழுசாக ஏழு நிமிடம் கழித்து அவள் எழுந்தாள்.

இருபத்துநாலு தூண்களை எடுக்க நாலு மணி நேரம் பிடித்தது. ஒவ்வொரு தூணுக்கும் யார் வருகிறார், எங்கே நிற்கிறார் என்று பார்த்து, தப்பான இடத்தில் நின்றால் குறியை அழித்து, வேறு ஆள் வரும்வரை பொறுத்து, மறுபடி போட்டார் அக்கா. மீன் தூண் போனது. ஏணித் தூண் போனது. பாலாடைக்கட்டித் தூணின் மேல் மட்டும் மௌஸ் ஒரு கணம் நின்றது. பிறகு அதுவும் போனது. மதியம் யாரும் சாப்பிடவில்லை. கொத்தனார் தன் டிபன் பெட்டியைத் திறந்து எங்களுக்கும் நீட்டினார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். நீட்டியது சுவர்ப் பக்கம்.

ஐந்தரைக்குப் படிக்கட்டு குகையைத் தொட்டது. 'கேட்டா சொல்றேன்' முதலில் ஏறி, படியின் நடுவில் நின்றுவிட்டான். நாங்கள் மூவரும் சேர்ந்து கத்தினோம். கத்தியதற்கும் அவன் நகர்ந்ததற்கும் சம்பந்தமில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் கத்தினோம், அவன் நகர்ந்தான். அவனுக்குப் பின்னால் அவசரம், மூக்கை முதுகில் சுமந்துகொண்டு வந்தான். தவளை புரண்டுகூடப் படுக்கவில்லை.

முட்டுக்கட்டையை உருவும் விசையைக் கூடத்துக்கு வெளியே, நீண்ட வழியின் கடைசியில் வைக்கச் சொல்லியிருந்தார் கொத்தனார். அக்கா குறி போட்டார். அவ்வளவுதான், மூக்கைக் கட்டிலில் போட்டுவிட்டு அதற்கும் அவசரமே ஓடினான். ஏழு பேர் சும்மா நின்றார்கள், ஓடியது அவன்.

"எங்க நிக்கறான்? எந்தப் பக்கம் நிக்கறான்?" கொத்தனார் வாளியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். அக்கா கண்ணை மூடிக்கொண்டார். "நீயே பாத்துச் சொல்லும்மா."

நான் பார்த்தேன். வழியின் கடைசியில், வெளிப் பக்கம். விசையை இழுத்தான். கூடம் இறங்கியது. சாம்பல் நிறப் புழுதி திரை முழுக்கப் பரவி, மெல்ல அடங்கியது. 'அவசரம் நலமாக இருக்கிறான்' என்று விளையாட்டு சொல்லவில்லை. 'அவசரத்துக்குத் தூசி பிடிக்கவில்லை' என்று சொன்னது. எங்களுக்கு அது போதும். கொத்தனார் கை தட்டினார். அவர் கையிலிருந்தும் தூசி பறந்தது.

கணவர் வந்து நின்றது அப்போதுதான். மணி ஆறு. செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். தூசி படிந்த சோஃபாவையும், செங்கல்லால் தவளை வரைந்திருந்த பாதிச் சுவரையும், கண் கலங்கி நின்ற மூன்று பேரையும் பார்த்தார்.

"செவுரு?" என்றார்.

"ஆளு வெளிய வந்துட்டான் சார்," என்றார் கொத்தனார்.

"எந்த ஆளு?"

"அவசரம்," என்றார் அக்கா.

கணவர் சுவரைப் பற்றி அதற்கு மேல் கேட்கவில்லை. இருபத்திரண்டு வருடம் கூட வாழ்ந்தவர், எதைக் கேட்கலாம் எதை விடலாம் என்பது அவருக்குத் தெரியும். மெல்ல நடந்து வந்து திரையைக் குனிந்து பார்த்தார். "கூடம் எங்கம்மா?" என்றார். அக்கா கற்குவியலை மௌஸால் காட்டினார். அவர் மனைவியின் தலையிலிருந்த துண்டை எடுத்து, உதறாமல், மடித்துத் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

மிச்சச் சுவர் மறுநாள் பத்தரைக்கெல்லாம் போய்விட்டது. கூடத்துக்கு வெளிச்சம் வந்தது, சோஃபாவின் உண்மையான நிறமும் தெரிந்தது. அதில் சொல்வதற்கு வேறொன்றும் இல்லை. ஆனால் கணவர் வந்து நின்ற அந்தச் சாயங்காலம் இன்னும் ஒன்று நடந்தது. கொத்தனாருக்கு அப்போதுதான் தன் வேலை நினைவுக்கு வந்தது. முகம் சிறுத்துவிட்டது. "ஒரு மணி நேரம் குடுங்க சார், மிச்சத்த முடிச்சுட்டே போறேன்," என்று சொல்லிச் சுவர்ப் பக்கம் போய்ச் சுத்தியலை ஓங்கினார்.

அக்கா "ஷ்" என்றார். அவ்வளவு மெல்லிய சத்தம் அவர் தொண்டையிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. திரையைக் காட்டினார். விசைக்குப் பக்கத்தில், வெறுங்கல் தரையில், ஒருக்களித்துப் படுத்து அவசரம் தூங்கிக்கொண்டிருந்தான். அக்கா நுனிக்காலில் நடந்து போய்க் கொத்தனாரின் கையிலிருந்து சுத்தியலை வாங்கினார். சிமெண்ட் சாக்கை நாலாக மடித்துத் தரையில் போட்டு, அதன் மேல், கொஞ்சமும் சத்தம் வராமல், அதை வைத்தார்.